திரும்பும் சீட்டு யாருடையது?

வீட்டு வாயிலில் வந்து நின்றவரிடம் கேட்கத் தகாத கேள்விகள் சில உண்டு. 'எப்போது போவீர்கள்?' என்பது அவற்றுள் தலையாயது. வந்தவரை 'வாருங்கள்' என்றழைத்து, பருக நீர் தந்து, நலம் உசாவி, உணவிட்டு, அவர் தாமாகவே பயண நாளைச் சொல்லும்வரை பொறுத்திருப்பதே நம் முன்னோர் போற்றிய முறை. விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பது பழம்பொருள். புதியராய் வந்தவரே விருந்தினர். அதிதி என்னும் சொல்லுக்குத் திதி இல்லாதவர், அஃதாவது நாள் குறிக்காமல் வருபவர் என்று வடமொழியாளர் பொருள் விரிப்பர். விடைபெறும்போதுகூடப் 'போகிறேன்' என்று சொல்ல நமக்கு நா எழுவதில்லை. 'போய் வருகிறேன்' என்றே சொல்கிறோம்.

இத்தகைய மரபில் வந்த நாம், இன்று ஒரு நாட்டின் வாயிலில் போய் நின்றால் எதிர்கொள்ளும் கேள்வி இதற்கு நேர்மாறானது. 'திரும்பிச் செல்லப் பயணச்சீட்டு வைத்திருக்கிறீர்களா? எங்கே, காட்டுங்கள்' என்பதே அக்கேள்வி. 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளிலிருந்து இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இன்றி மலேசியாவில் தங்கலாம் என்ற சலுகை நடைமுறைக்கு வந்தது. பின்னர் அது 2026ஆம் ஆண்டின் இறுதிவரை நீட்டிக்கப்பட்டது. அச்சலுகையிலும் திரும்பும் சீட்டும், செலவுக்குப் பணமும், தங்குமிடச் சான்றும் வேண்டும் என்ற நிபந்தனைகள் உண்டு. நாம் மின்விசா பெற்று இந்தியாவுக்குச் சென்றாலும் அந்நாட்டு விதியும் இதையே சொல்கிறது. மலாக்காத் துறையில் படகேறி, நீரிணையைக் கடந்து, சுமத்திராவின் டுமாய் நகரில் இறங்குபவரிடமும் இக்கேள்வி கேட்கப்படலாம்.

ஒரு நாடு தன்னை நாடி வருபவரிடம், வரும்போதே போகும் நாளுக்குச் சான்று கேட்பது அறமாகுமா? அதிகாரிகளின் நடைமுறை என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயினும், கப்பலேறி வந்த மக்களின் வழித்தோன்றல்களாகிய நாம் இக்கேள்வியை அவ்வாறு ஒதுக்கிவிட இயலாது. திரும்பும் சீட்டின் வரலாறு பெருமளவுக்கு நம் வரலாறும் ஆகும்.

முதலில் நாட்டின் பக்கம் நின்று பார்ப்போம். வீடு வேறு, நாடு வேறு. வீட்டுக்கு வருபவர் சிலர். நாட்டுக்கு வருபவர் பல இலட்சம் பேர். வீட்டுத் தலைவன் தன் சோற்றில் ஒரு பிடியைப் பகிர்ந்து கொள்கிறான். நாட்டின் காவலரோ பிறருடைய பொதுப் பொருளைக் காப்பவர். தம்முடையதல்லாத பொருளில் வள்ளன்மை காட்ட அவர்க்கு உரிமை இல்லை. வந்தவர் வழிச்செலவின்றித் தெருவில் நின்றால் அவரைத் திருப்பி அனுப்பும் செலவு குடிமக்கள் தலையிலேயே விழும். இவற்றினும் வலிய காரணம் ஒன்றும் உண்டு. வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, ஊரில் நிலத்தையும் நகையையும் அடகு வைக்கச் செய்து, சுற்றுலாப் பயணி என்ற பெயரில் ஆட்களை விமானமேற்றும் தரகர் இன்றும் உளர். அத்தகையோர் கையில் சிக்கியவர்க்கு, பயன்படுத்தத்தக்க திரும்பும் சீட்டு ஒன்று இருக்குமாயின் அதுவே அவரது உயிர்க்கயிறு. ஆகவே, கேள்வியே கொடுமை என்று கூறிவிட முடியாது.

ஆனால், அச்சீட்டு எதனை மெய்ப்பிக்கிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் சைவ நூலார் அளவைகளை வகுத்தபோது காட்சி, கருதல், உரை என்னும் மூன்றை முதன்மையாகக் கொண்டனர். ஒருவர் நாளை திரும்பிப் போவார் என்பதை இன்று கண்ணால் காண முடியாது. எனவே காட்சி அளவை இங்குப் பயன்படாது. புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வது போலச் சீட்டைக் கண்டு கருத்தை உய்த்துணர முயல்கிறோம். நெருப்பின்றிப் புகை எழாது என்பதனால் அந்தக் கருதல் பொருந்தும். திரும்பும் கருத்து இன்றியும் சீட்டு எழும். வாங்கிய மறுநாளே அதனை நீக்கிப் பணத்தைத் திரும்பப் பெறுவோர் உண்டு. கடன் வாங்கியேனும் சீட்டை எடுத்துக்கொண்டு வந்து, தவணை கடந்தும் தங்கிவிடுவோரும் உண்டு. மறுபுறம், சிங்கப்பூரிலிருந்து பேருந்தில் வந்து, மலாக்காவைப் பார்த்துவிட்டு, பாடாங் பெசார் வழியாகத் தாய்லாந்துக்குச் செல்ல எண்ணிய நேர்மையான பயணியிடம் முன்பதிவு செய்த சீட்டு எதுவும் இல்லாதிருக்கலாம். இறப்புச் செய்தி கேட்டுப் புதுக்கோட்டைச் சிற்றூரிலிருந்து ஓடிவரும் அண்ணனுக்கு, தங்கை வீட்டுக் கருமாதி முடிந்து எந்நாள் புறப்படுவோம் என்பது தெரியாது. பொய்யர் காட்டக்கூடிய, மெய்யர் காட்ட இயலாத ஒன்றை மெய்ம்மைக்கு அளவுகோலாகக் கொள்வது எவ்வாறு பொருந்தும்? எஞ்சி நிற்பது உரை அளவை ஒன்றே. வந்தவர் சொல்லைக் கேட்டு, அவர் நிலையை ஆராய்ந்து, நம்பத்தக்கவரா என்று தெளிதல் வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். கேட்கும் அதிகாரமும் பொறுப்பும் உள்ள ஒருவர் அங்கு இருத்தலும் வேண்டும்.

இன்றைய நடைமுறையில் குறைவுபடுவது இதுவே. நுழைவு மறுக்கப்பட்டவரைத் திரும்பக் கொண்டுசெல்லும் பொறுப்பு அவரை ஏற்றி வந்த விமான நிறுவனத்தின்மீது விழுகிறது. ஆகவே விசாரணை கோலாலம்பூரில் தொடங்குவதில்லை; திருச்சியிலும் சென்னையிலும் பெட்டியை நிறுக்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கிருக்கும் ஊழியர் நீதி வழங்க அமர்ந்தவர் அல்லர். நிறுவனத்துக்கு இழப்பு வராமல் காப்பதே அவர் வேலை. ஐயம் எழுந்தால் 'இல்லை' என்று சொல்லிவிடுவதே அவருக்குப் பாதுகாப்பு. நம் இலக்கியத்து வாயிற்காவலரை இங்கு நினைந்து கொள்ளலாம். நீதி கேட்டு வந்த கண்ணகியைக் கண்டு அஞ்சிய பாண்டியன் வாயிலோன், அவளைத் தானே விசாரித்துத் திருப்பி அனுப்பவில்லை. உள்ளே சென்று அரசனுக்கு உரைத்தான். தீர்ப்பு எதுவாயினும் வந்தவர் குரல் உரியவர் செவிக்குச் சென்றது. வாயிலோனிடமே தீர்ப்பையும் ஒப்படைத்துவிட்டு, தவறினால் தண்டம் உனக்கு என்று அவனை அச்சுறுத்தியும் வைப்போமாயின், அந்த வாயிலில் நீதி எங்ஙனம் நுழையும்?

இனி, நம் மாநிலத்தின் பழங்கதைக்கு வருவோம். மலாக்கா சுல்தான்களின் துறைமுகமாக விளங்கிய காலத்தில் இங்கு வந்திறங்கிய வணிகரிடம் எவரும் திரும்பும் சீட்டுக் கேட்டிலர். 1512இல் இங்கு வந்த போர்ச்சுக்கீசியராகிய தோமே பிரெஸ் எழுதியுள்ளவாறு, பல நாட்டு வணிகரையும் கவனித்துக்கொள்ளச் சாபந்தார் எனப்பட்ட துறைமுகத் தலைவர் நால்வர் இருந்தனர். தமிழகத்துக் கரையிலிருந்து வந்தவர்க்கும் அவருள் ஒருவர் பொறுப்பாளர். வந்த கலத்துக்குத் தங்க இடமும், சரக்கை வைக்கக் கிடங்கும் ஏற்பாடு செய்வது சாபந்தாரின் கடமை. அக்காலத்தில் திரும்பும் நாளைக் குறித்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் கொண்டுவந்து சேர்த்த கலங்களை வடகிழக்குப் பருவக்காற்று மீண்டும் மேற்கே அனுப்பியது. காற்று ஏழையென்றும் செல்வனென்றும் பார்க்கவில்லை; எல்லார்க்கும் ஒரே தவணையைத் தந்தது. காற்று மாறியும் புறப்படாமல் தங்கிவிட்டவரும் உண்டு. இங்குள்ள பெண்களை மணந்து, மலாய் பேசி, சைவத்தை மட்டும் விடாது காத்துவரும் மலாக்காச் செட்டிகள் அவர்தம் வழித்தோன்றல்களே. தமிழ் அவர்கள் நாவை விட்டு நீங்கியது. ஆயினும் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் இன்றும் நகரின் நடுவே, பள்ளிவாசலுக்கும் சீனர் கோயிலுக்கும் அண்மையில் நிற்கிறது. தங்கிவிட்ட விருந்தினரால் வீடு கெடுவதில்லை என்பதற்கு அத்தெரு ஒரு சான்று.

அடுத்து வந்தவரின் கதை வேறு. 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்டார். நாட்டில் வணிக முறையில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அதன் பின்னர் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் மெர்லிமாவிலும் அசாஹானிலும் காடுகள் தோட்டங்களாயின. தோட்டங்களுக்கு ஆட்கள் தேவையாயினர். கங்காணிகள் ஊர் ஊராகச் சென்று ஆள் சேர்த்தனர். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் தொகை பெற்று ஒரு குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. தொழிலாளரின் கப்பற் செலவு அதிலிருந்தே கொடுக்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த முகாம்களில் அவர்களின் உடலைச் சோதித்தனர், அம்மை குத்தினர், கப்பலேற்றினர். 'செலவுக்குப் பணம் உண்டா? திரும்பும் சீட்டு உண்டா?' என்று அவர்களை எவரும் கேட்கவில்லை. கைகள் தேவைப்பட்டபோது அக்கேள்வி பிறக்கவே இல்லை என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்தில் திரும்பும் பயணம் ஒரு சிறு அளவில் தொழிலாளரின் உரிமையாகவும் இருந்தது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை ஒட்டி எழுந்த விதிகளின்படி, வந்து ஓராண்டுக்குள் உடல் நலம் குன்றினாலோ, தந்த வேலை தகுதியற்றதாயினாலோ, முறைகேடாக நடத்தப்பட்டாலோ, தொழிலாளி தன் செலவின்றி ஊர் திரும்பக் கோரலாம். ஏட்டில் இருந்த அவ்வுரிமையை லயத்தில் இருந்த எழுத்தறியாத ஒருவன் எவ்வளவு பயன்படுத்த முடிந்திருக்கும் என்பது வேறு. எனினும் அவ்விதியின் உட்கருத்து உயர்ந்தது. விரும்பினால் வெளியேறும் வழி வந்தவனுக்கு உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. வெளியேற வழியில்லாதவன் விருந்தினனும் அல்லன்; தொழிலாளியும் அல்லன்; அவன் சிறைப்பட்டவன்.

பின்னர், அதே கப்பல், அதே நிதி, அதே திரும்பும் பயணம் முற்றிலும் வேறு முகம் காட்டின. உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. 1930இல் ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் விலை சற்று உயர்ந்ததும் வாயில் மீண்டும் திறந்தது. ஊரில் பிழைக்க வழியின்றிப் பலர் மறுபடியும் வந்தனர். 1938இல் இந்திய அரசே தொழிலாளரை அனுப்புவதைத் தடுத்தது. ஒருவன் எப்போது வரவேண்டும், எப்போது போகவேண்டும் என்பதை ரப்பர் விலையே முடிவு செய்தது. உரிமையாய் இருந்த திரும்பும் சீட்டு, தேவை தீர்ந்தபோது கழுத்தைப் பிடித்துத் தள்ளும் கையாயிற்று.

விடுதலைக்குப் பின்னரும் இக்கதை முடிவுறவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்றது. 1969 முதற்கொண்டு அது நடைமுறைக்கு வந்தபோது, பல ஆண்டுகள் பால்மரம் சீவியும் குடியுரிமைத் தாளின் அருமை அறியாதிருந்த தமிழர் பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். இங்குப் பிறந்த பிள்ளைகள் சிலர் பெற்றோருடன் முன்பின் அறியாத ஊருக்குத் 'திரும்பினர்'. அண்டை நாடாகிய இலங்கையிலும் இதனினும் பெரிய அளவில் இது நிகழ்ந்தது. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எண்ணிக்கை பேசப்பட்டது, எண்ணப்பட்டவர் பேச இடம் தரப்படவில்லை. பிறந்த மண்ணைவிட்டு ஒருபோதும் காணாத மண்ணுக்குச் செல்வதைத் திரும்புதல் என்று சொல்வதே மொழிக்குச் செய்யும் வன்முறை அன்றோ!

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் தெளிவு யாது? திரும்பும் சீட்டு தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அது யார் கையில் இருக்கிறது, அதில் நாளைக் குறிப்பவர் யார் என்பதனாலேயே அது நன்றாகவும் தீதாகவும் ஆகிறது. போவதற்கு உரிமையாக வந்தவன் கையில் இருக்கும்போது அது காப்பு. போ என்று சொல்லும் அதிகாரமாக மட்டும் அழைத்தவன் கையில் இருக்கும்போது அது தளை.

செர்மானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் 1795இல் நிலைத்த அமைதியைப் பற்றி எழுதிய நூலில் இவ்விரண்டு பக்கங்களையும் நிறுத்துப் பார்த்தார். அயலான் ஒருவன் பிற நாட்டில் தங்கிவிட உரிமை கோர இயலாது. ஆனால் வந்த காரணத்துக்காகவே பகைவனாக நடத்தப்படாதிருக்க அவனுக்கு உரிமை உண்டு. அவன் அழிவுக்கு ஏதுவாகாது எனின் அவனைத் திருப்பி அனுப்பலாம் என்பது அவர் கருத்து. நிலவுலகு உருண்டை வடிவினது. மக்கள் எல்லையின்றிச் சிதறிச் செல்ல முடியாது. ஆகவே ஒருவரையொருவர் பொறுத்தே ஆகவேண்டும் என்பது அவர் காட்டிய காரணம். கணியன் பூங்குன்றனாரின் பாட்டை மேடைதோறும் முழங்கும் நமக்கு இக்கருத்துப் புதிதாகத் தோன்றாது. ஆயினும் முழங்குதல் வேறு, வாயிலில் நின்று நடைமுறைப்படுத்துதல் வேறு.

நடைமுறைக்கு மூன்று கடமைகளைச் சொல்லலாம். முதலாவது, கேட்கப்போவதை முன்னரே தெளிவாகச் சொல்லுதல். வீட்டைவிட்டுப் புறப்படுமுன் அறிந்திருந்தால் ஏழையும் ஆயத்தமாக வருவான். இறங்கிய பிறகு கேட்பது பொறி வைப்பதாகும். இரண்டாவது, எல்லாரிடமும் ஒன்றுபோலக் கேட்டல். கோட்டும் சூட்டும் அணிந்தவரைப் புன்னகையுடன் அனுப்பிவிட்டு, வேட்டி கட்டிய முதியவரை மட்டும் ஓரமாக நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது. அது வறுமைக்கு விதிக்கும் வரி. மூன்றாவது, சான்று இல்லாதவரையும் ஒருமுறை செவிகொடுத்துக் கேட்டல். அவருக்காக உறுதி சொல்ல உள்நாட்டு உறவினர் ஒருவர் இருந்தால், அந்த உரையையும் ஓர் அளவையாக ஏற்றல். இம்மூன்றையும் செய்த பின் மறுத்தாலும் அது நீதியின் மறுப்பாக இருக்கும்.

இவற்றை அரசுகளுக்கு மட்டும் சொல்லி நாம் விலகி நிற்க முடியாது. நம் முன்னோர் நின்ற அதே தோட்டங்களில் இன்று வேறு முகங்களைக் காண்கிறோம். தமிழ்க் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை நிற்க, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் வந்தவர் அங்கு உழைக்கின்றனர். பிறருடைய கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டின் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். எனினும் தொழிலாளரின் கடப்பிதழைப் பெட்டியில் பூட்டி வைக்கும் முதலாளிகள் அறவே இல்லாமற் போகவில்லை. வாயிலில் 'திரும்புவதற்குச் சான்று காட்டு' என்று கேட்டுவிட்டு, உள்ளே வந்தபின் திரும்பும் வழியையே பறித்துக்கொள்வது எத்தகைய முரண்! அத்தொழிலாளர் நம் கடையில் பொருள் வாங்க வருகின்றனர். நம் கோயில் திருவிழாவில் ஓரமாய் நின்று பார்க்கின்றனர். அவர்களை நாம் அழைக்கும் சொல்லிலும் நோக்கும் பார்வையிலும் நம் பாட்டன்மார் பட்டதன் நினைவு சிறிதேனும் இருத்தல் வேண்டும். பெற்ற துன்பத்தைப் பிறர்க்கு விலக்காதவன் அத்துன்பத்திலிருந்து எதையும் கற்றவன் அல்லன்.

இப்பாடத்தை வகுப்பறையில் சொல்ல ஆசிரியர்க்கு ஓர் எளிய வழி உண்டு. விருந்தோம்பல் அதிகாரத்தை நடத்தும் நாளில், மாணவரிடம் தத்தம் குடும்பத்தில் முதலில் கப்பலேறி வந்தவர் யார், அவரைத் திரும்பிப் போக விட்டார்களா, போ என்றார்களா என்று வீட்டில் கேட்டுவரச் சொல்லலாம். ஒரு மாணவி 'எங்கள் பாட்டி போக விரும்பினார், முடியவில்லை' என்பாள். மற்றொருவன் 'எங்கள் தாத்தாவின் அண்ணன் போக விரும்பவில்லை, அனுப்பிவிட்டார்கள்' என்பான். இவ்விரு விடைகளும் ஒருசேர அவ்வகுப்பில் ஒலிக்குமாயின், குறளின் அறம் விளங்க வேறு உரை வேண்டா.

நாடு வாயில் வைப்பது குற்றமன்று. வாயிலில் காவல் வைப்பதும் குற்றமன்று. எப்போது போவீர்கள் என்று கேட்க நேர்ந்தால், உமக்குப் போக வழி இருக்கிறதா என்னும் பரிவோடு கேட்டல் வேண்டும். அவ்வாறு கேட்கும் நாட்டின் வாயிலிலேதான், விடைபெறுபவரை நோக்கிப் 'போய் வாருங்கள்' என்று சொல்லும் நம் சொல் பொய்யாகாமல் நிற்கும்.